கோப்பையின் அடித்தழும்பு

பல்செட் செய்கிற அம்மாள் என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பகலெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் செய்வாள். மிச்ச நேரமெல்லாம் பழைய இங்கிலீஷ் கண்ணாடி மதுக்கோப்பைகளுக்கு. இத்தனைக்கும் ஒரு சொட்டு குடித்தவள் இல்லை. வீட்டுக்காரரையும் குடிக்க விட்டவள் இல்லை. இருபது வருஷத்தில் பதினொரு கோப்பை சேர்ந்தது. அலமாரிச் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான்.

அதில் உசத்தி, தண்டுக்குள் வெள்ளை இழை முறுக்கிக்கொண்டு ஏறும் ஒன்று. இருநூற்றைம்பது வருஷப் பழசு என்பது அவள் கட்சி. "போன வருஷம் செஞ்சதும்மா" என்று சேகரிப்பவர்கள் கூட்டத்தில் அதன் போட்டோவை மட்டும் பார்த்து நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார், பூதக்கண்ணாடி என்று பேரெடுத்த ஓய்வுபெற்ற வாத்தியார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"வீட்டுக்கு வந்து கவுத்துப் பாருங்க சார். தப்புன்னா கூட்டத்துலயே ஒத்துக்கறேன்."

கவிழ்ப்பதில்தான் சூட்சுமம். அந்தக் காலத்தில் கோப்பையின் பாதத்தைக் கம்பியில் ஒட்டவைத்து விளிம்பைத் திருத்துவார்கள். பிறகு கம்பியை உடைத்தெடுத்தால் அடியில் சொரசொரவென்று தழும்பு நின்றுவிடும். இப்போது செய்கிற கோப்பையில் அது இருக்காது. அதைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, கவிழ்த்து, தடவினார்.

"வழவழன்னு இருக்கேம்மா."

பிடுங்கித் தடவினாள். தழும்பைக் காணோம். திரும்பினால், காபித் தட்டோடு வீட்டுக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷம் லென்ஸ் தேய்த்த மனுஷன். மனைவி குளிக்கப் போன சமயம் சாவியை எடுத்து, விருந்தாளி பார்க்கப்போகிற சாமான் ஆயிற்றே என்று, அந்த வடுவைத் தேய்த்து மெருகேற்றியிருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"நான்தான் சார்..." என்று பெருமையாக ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள். உண்மையைச் சொன்னால் தன் பேர் பிழைக்கும். ஆனால் கூட்டம் கூடுகிறபோதெல்லாம் இந்த மனுஷனைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதை அவளால் தாங்க முடியாது.

"நீங்க சொன்னதுதான் சரி சார். நான் ஏமாந்துட்டேன்."

"ஆனைக்கும் அடி சறுக்கும்மா" என்று சொல்லிவிட்டு வாத்தியார் காபியை ரசித்துக் குடித்துப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் திட்டினாள். அப்போதுதான் வீட்டுக்காரருக்குத் தாம் செய்த காரியம் விளங்கிற்று.

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார், தலை நிமிராமல்.

அந்தக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"குடிங்க. இனிமே இது உங்க டம்ளர்."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் குடித்தார்.

அலமாரிச் சாவி அன்றைக்கு அவள் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.