எறும்பின் அசல் படம்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவள் தட்டச்சர். பதினெட்டு வருடமாக மக்களின் புகார்களைக் கணினியில் ஏற்றுகிறாள். அங்கே அவளை எல்லோரும் 'எறும்பு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மதிய இடைவேளையில் மற்றவர்கள் கதையளந்துகொண்டிருக்க, அவள் பின்பக்கச் சுவரோரம் கேமராவும் கையுமாகக் குந்தியிருப்பாள். எறும்பு ஒரு நொடி நிற்காது. நூறு எடுத்தால் ஒன்று தேறும்.

தேறியதைச் சுருக்காமல், குறுக்கே பெயர் பொறிக்காமல், கேமரா தந்தபடியே இணையத்தில் போட்டுவிடுவாள். கீழே ஒரே வரி: 'யாரும் எடுத்துக்கொள்ளலாம், எதற்கும் பயன்படுத்தலாம்.'

பஸ் ஓட்டுநரான அவள் கணவனுக்கு இது பிடிபட்டதே இல்லை.

"வெயில்ல வெந்து எடுக்கறே. தூக்கி ஊருக்கே கொடுத்துடறே. பேரையாவது போடேன்."

"குறுக்கால பேரைப் போட்டா எறும்போட முகம் மறைஞ்சிடும்ங்க."

"அதுக்கு முகம் வேறயா!"

ஒருநாள் அவன் கடையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்து மேசைமேல் ஒரு பாக்கெட்டை வைத்தான். "பாரு, உன் ஆளு வந்திருக்கு."

எறும்புப் பொடி. அட்டை முழுக்க அவள் எடுத்த சிவப்பெறும்பு. இடது உணர்கொம்பின் நுனி முறிந்திருந்ததால் சந்தேகமே இல்லை. அந்தப் படத்துக்காக மூன்று மதியம் காத்திருந்திருக்கிறாள். பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'ஒரே தூவல், குடும்பத்தோடு காலி!'

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அடங்கியது. "கேஸ் போடலாமா?"

"எப்படிப் போடறது? எதுக்கும் எடுத்துக்கலாம்னு எழுதினதே நான்தானே."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானூற்றுச் சொச்சம் அசல் படங்களையும் இணையத்திலிருந்து நீக்கிவிட்டு, அச்சடித்தால் கலங்கிப்போகிற அளவுக்குச் சின்னதாக்கிப் போட்டாள். மனசு ஆறும் என்று நினைத்தாள். ஆறவில்லை. மூன்று வாரம் கேமரா பையை விட்டு வெளியே வரவில்லை.

அப்போதுதான் முன்பின் தெரியாத ஒரு டீச்சரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

'எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பார்வை மிகக் குறைவு. தரையில் ஓடும் எறும்பை அவர்கள் கண்டதில்லை. உங்கள் படத்தைச் சுவரளவு பெரிதாக்கிக் காட்டுவோம். கிட்டே போய் நின்று ஒவ்வொரு காலாகப் பார்ப்பார்கள். இப்போது இருப்பதைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. பழையவை கிடைக்குமா?'

வீட்டுக்கு வந்து கணவனுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் கன்னத்தைச் சொறிந்தான்.

"அந்த டீச்சருக்கு மட்டும் தனியா அனுப்பிடேன். பொடிக்காரன் கையில ஏன் மறுபடியும் கொடுக்கணும்?"

"இவங்க எழுதினாங்க, தெரிஞ்சுது. எழுதாம எத்தனை பேரு எடுத்துப் பார்த்தாங்களோ, அவங்களை நான் எங்கே போய்த் தேடறது?"

"அப்ப பொடிக்காரன்?"

"எடுப்பான். எடுத்துட்டுப் போகட்டும்."

எல்லா அசலையும் மறுபடி ஏற்றி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கீழே இருந்த வரியை அவள் மாற்றவில்லை. பொடிப் பாக்கெட்டை நினைத்தால் இன்னும் சுருக்கென்றுதான் இருந்தது.

டீச்சர் அழைத்ததால் ஒருநாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனாள். திரையில் சிவப்பெறும்பு நின்றது, மாடு அளவுக்கு. எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி, மூக்கு திரையில் இடிக்க, பின்னங்காலிலிருந்து தலை வரை மெல்ல நடந்துபோய் நின்றாள்.

"அக்கா, இதுக்கு வாய் நம்மள மாதிரி மேலகீழ இல்ல. ரெண்டு பக்கமும் திறக்குது!"

ஆறு வருடமாக எறும்பு எடுப்பவளுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. தானும் கிட்டே போய்ப் பார்த்தாள். ஆமாம், கதவு மாதிரி திறந்திருந்தது.

"கரப்பான் படம் இருக்கா அக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே கூச்சல் போட்டது.

அடுத்த ஞாயிறு மதியம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் அவள் குப்புறப் படுத்திருந்தாள். கணவன் கையில் செருப்போடு ஓடி வந்தான்.

"அதைக் கீழ போடுங்க. டார்ச்சை எடுங்க."

"கரப்பானுக்கு லைட் பிடிக்கவா நான் உன்னைக் கட்டிக்கிட்டேன்?" என்றபடியே அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"பேசாதீங்க. கை ஆடுது."

அறுபத்திரண்டாவது படத்தில் அது ஒரு மீசையை வளைத்து வாயில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.