தோல் வாசர்

எங்கள் வண்டிக்கு வந்த நோய்களெல்லாம் எனக்கு மனப்பாடம். மூன்றாம் வகுப்பில் மற்ற பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள், நான் புகை ஒப்பிப்பேன். கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறது. நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை காலையில் மட்டும் வந்தால் குளிர். மத்தியானமும் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, பெரிய செலவு. சாவியைத் திருப்பும்போது கடகடவென்று சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி முனையில் உப்புப் பூத்திருக்கிறது, வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கிளம்பி, கொஞ்ச தூரம் ஓடி, தும்மித் தும்மி நின்றால் டீசல் குழாயில் காற்று. இதை அப்பா ஏர் லாக் என்பார். வண்டிக்கு வரும் நோய்களிலேயே அதுதான் லேசானது என்றும் சொல்வார்.

அது பள்ளிக்கூட வேனாக இருந்து, கிழடானபின் எங்களிடம் வந்த டீசல் வண்டி. அப்பா சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்துப் படுக்கை போட்டார். ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன். மறு மூலையில் ஆம்பூர் கம்பெனிகள் கழித்துப்போட்ட பெல்ட்டும் பர்ஸும் மூட்டை மூட்டையாக. திருவிழா நடக்கிற ஊர்களுக்கெல்லாம் போய்க் கடை விரிப்போம், வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்குவோம். பள்ளி விடுமுறை என்றால் நானும் உண்டு. வீடு, கடை, வண்டி என்று மூன்றாகவும் அது இருக்க வேண்டியிருந்தது. மூன்றில் வண்டியாக இருப்பதைத்தான் அடிக்கடி மறந்துபோகும்.

அப்பா அதற்கு முன்பு தோல் ஷாப்பில், தோல் பதப்படுத்தும் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தவர். சாமி மேல் இருந்த நம்பிக்கையைவிட அவருக்குத் தோல் மேல் நம்பிக்கை அதிகம். எங்கள் வண்டியின் கதவுக் கீல் தோல், வாளிப் பிடி தோல், ஆடுகிற கண்ணாடிக்கு முட்டுக்கொடுத்ததும் தோல். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். "தோலு அடைக்காத ஓட்டை இந்த ஒலகத்துலயே கெடையாது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார், நான் தலையாட்ட வேண்டும்.

அந்தக் கோடையில் அம்மாவுக்கு எட்டாவது மாதம். தம்பிதான் என்று நானே முடிவு செய்துவிட்டிருந்தேன். அம்மா வயிற்றில் கை வைத்தால் உள்ளேயிருந்து உதைப்பான், கதவு தட்டுறான் என்று கத்துவேன். அப்பா ஒருநாள் வண்டியின் கூரையில் இரும்புக் கொக்கி ஒன்றை முடுக்கினார். தூளிக்கு.

அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "பொறக்கறதுக்கு முன்னாடியே யார்னா தூளி கட்டுவாங்களா?"

"கொக்கிதான மாட்டனேன், தூளியா கட்டனேன்?" என்றார் அப்பா. சட்டப்படி அவர் சொன்னது சரி.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஊரில் கடை போட்டிருந்தபோது டீசலில் அழுக்கு வந்து, அப்பா குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தார். டேங்கிலிருந்து வருகிற குழாய் பம்ப்பில் சேரும் இடத்தில் இரண்டு செம்பு வாசர் இருக்கும், கால் மெட்டி அளவு வளையங்கள். அவை இரண்டும் மணலில் விழுந்து காணாமல் போயின. அவரும் நானும் மணலைச் சலித்துப் பார்த்தோம், கிடைக்கவில்லை. வாங்குவதென்றால் வேலூருக்குப் போக வேண்டும். அப்பா ஒரு கழித்த பெல்ட்டை எடுத்து, ஓட்டை போடும் உளியால் இரண்டு வட்டம் வெட்டி, கிரீஸில் ஊறவைத்து மாட்டினார். "ஆம்பூர்க்காரன் வாசருக்குக் கடைக்குப் போவானா?"

வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. "ஒரு சொட்டு ஒழுகுதா பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா இடுப்பைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். உண்மையிலேயே ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்பா இரண்டு மூன்று நாளைக்கு அதையே பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு காவேரிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தேர்த் திருவிழா. கடைசி நாள்தான் நல்ல வியாபாரம் நடக்கும் நாள். அன்று காலை அம்மா அப்பாவிடம், "ஆஸ்பத்திரிக்குப் போலாம், இப்பவே கெளம்புங்க" என்றாள்.

"இன்னா பண்ணுது?"

"ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குது. வேலூருக்குப் போயிடலாம்."

வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். ரத்தம் கித்தம்? இல்லை. வலியும் இல்லை, ரத்தமும் இல்லை, அப்புறம் என்ன என்று அப்பாவுக்குப் புரியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மூட்டைகளைத் தூக்கி உள்ளே போட்டார். ஆனாலும் கிளம்பினார், அதைச் சொல்ல வேண்டும்.

ஏரிக்கரையைத் தாண்டிப் பெரிய ரோடு ஏறியதும் வண்டி தும்மியது. தும்மி நின்றது. "ஏருதான், அஞ்சே நிமிஷம்" என்று அப்பா இறங்கினார். அவர் கைப்பம்ப்பை அடித்தார். ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தியதும் நுரை நுரையாக டீசல் வந்தது. குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும் முடுக்கினார். கிளம்பியது. புளியமரங்கள் கொஞ்சம் பின்னால் போயின. மறுபடி தும்மல். மறுபடி கைப்பம்ப். நான் குமிழியைப் பார்த்துச் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டேன். எனக்கு அது ஒரே குஷி. அம்மா பலகையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. ஒவ்வொரு முறையும் வண்டி முன்னைவிடக் குறைந்த தூரம்தான் ஓடியது.

கடைசியில் அப்பா வாணியம்பாடி மெக்கானிக் பாய்க்கு போன் போட்டார். கையெல்லாம் டீசல், அதனால் போனை நான் பிடித்துக்கொண்டேன், ஸ்பீக்கரில். பாய் பேசியது வண்டிக்குள் அம்மாவுக்கும் கேட்டது.

"எங்கனா ஒழுகுதா?"

"ஒரு சொட்டு ஒழுகல பாய்."

"ஒழுகுனா நல்லதாச்சே, கண்ணுல தெரியும். ஒழுகலன்னா அது காத்த உள்ள இழுக்குது. டேங்க் பைப் பம்ப்புல சேர்ற எடத்துல வாசர் இன்னா போட்டிருக்கே?"

அப்பா கை துடைக்கத் துணி தேடினார். நான்தான் பெருமையாகச் சொன்னேன்: "தோலு, பாய்."

"அரே, தோலா? டீசல் பட்டா கிரீஸெல்லாம் போய்டும், சூட்டுல சுருங்கிடும். தோல் ஷாப்புல இருந்தவன், உனக்குத் தெரியாதா தோலு சூட்டுல இன்னா ஆவும்னு? வண்டில யாரு இருக்கா?"

"வீட்டுக்காரிதான் பாய். மாசமா இருக்கா."

"வண்டிய உட்டுட்டு மொதல்ல பஸ்ஸப் புடி!"

அப்பா போனைப் பார்த்தார், திறந்து கிடந்த என்ஜினைப் பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு வாட்டி ஏர் எடுத்தா போதும், ஓட்டிட்டுப் போயிடலாம்" என்றார். அதற்குள் அம்மா இறங்கிவிட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்று, வந்த பஸ்ஸை மறித்துக் கை காட்டினாள். அப்பா "ஏய், ஏய்" என்று ஸ்பானரோடு ஓடி வருவதற்குள் நாங்கள் ஏறிவிட்டோம். அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்ததைப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

வேலூர் வரை போகவில்லை. வழியில் முதலில் வந்த ஆஸ்பத்திரி முன்னாலேயே அம்மா கண்டக்டரிடம் சொல்லி இறங்கிவிட்டாள். நர்ஸ் ஒருத்தி என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தாள். சாயங்காலம் அப்பா வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். யாரோ லாரிக்காரரிடம் செம்பு வாசர் வாங்கிப் போட்டிருக்கிறார், வாசலில் நின்ற வண்டியின் என்ஜின் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே ஓடி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அம்மாவின் முதுகைத் தட்டி, "வண்டி ரெடியாய்ட்ச்சும்மா, எல்லாம் சரியாய்ட்ச்சு" என்றேன். அம்மா திரும்பவில்லை. தம்பி எங்கே என்று கேட்டேன். நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது, அது தம்பிதான்.

வெறும் வாயை மெல்லுகிற சொந்தக்காரர்களுக்கு அவல் கிடைத்தது. தம்பி உயிரோடு பிறக்காததற்கு அவர்கள் கொக்கியைச் சொன்னார்கள். அப்பா வாசரைச் சொன்னார். "ரெண்டு துண்டு செம்பு, ரெண்டே துண்டு" என்று யாரைப் பார்த்தாலும் சொல்லி அழுதார். அம்மா எதையும் சொல்லவில்லை. அந்த வருடமே வண்டியை விற்றார்கள். அப்பா இன்றும் தோல் பொருள் எதையும் தொடுவதில்லை. ஆம்பூரில், ஊரெல்லாம் ஷூ தைக்கிற தெருவில், ரப்பர் செருப்பு போட்டு நடக்கிறார். கேட்பவர்களிடம் காலுக்கு அதுதான் சுகம் என்கிறார்.

போன வருடம் நான் மாசமாக இருந்தபோது டாக்டர் என்னிடம், "அசைவு நல்லா தெரியுதா? கொஞ்சம் கம்மியானாலும் உடனே வரணும்" என்றார். வீட்டுக்கு வந்து அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவிடம் கேட்டேன். வண்டி நிற்பதற்கு முன்பே, தம்பி அசையவில்லை என்று தெரியுமா? தெரியும் என்று தலையாட்டினாள். அப்புறம் ஏன் இத்தனை வருடமாக அவரிடம் சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டேன்.

"அவருக்கு வாசர்னு ஒண்ணாவது கெடச்சுது, அழறதுக்கு" என்றாள் அம்மா. "அதையும் புடுங்கிட்டா அவரு இன்னா பண்ணுவாரு? என்னப் பாரு, எனக்கு எதுவும் கெடைக்கல."

அந்தத் தேர்த் திருவிழாக் காலையில், அப்பா பல் விளக்கப் போயிருந்தபோது, அம்மா என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாள். என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "தட்டுறானா பாரு" என்றாள். மேலே வைத்தாள், கீழே வைத்தாள், பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள். என் விரல் வலித்தது. புது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் மறுபடி மறுபடி என் கையை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது.

"எழுப்பாதம்மா, தம்பி தூங்குறான்" என்று சொல்லிவிட்டு நானும் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.