கடற்சுவரில் ஒரு ஜோடி ஷூ

காலை ஆறு இருபதுக்கு நான் முதலில் பார்த்தது, கடற்சுவரின் மேல் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. சாக்ஸை மடித்து உள்ளே செருகியிருந்தது. முனை கடலைப் பார்த்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண் காவலர். தண்ணீரில் மீட்புப் படகு ஒன்று மெதுவாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஷூ என் மாமனாருடையது. போன வாரம் ஊரிலிருந்து வந்தவருக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஹேஸ்டிங்ஸ், இங்கிலாந்தின் தென்கரையில் பழம்பெருமை பேசும் துறைமுக ஊர். துறைமுகம்தான் இல்லை, எப்போதோ தூர்ந்துவிட்டது. மீன்படகுகளைக் கூழாங்கல் கரையில் இழுத்துப் போட்டிருப்பார்கள். சாலையைத் தாண்டினால் குன்று, படிகள், உச்சியில் இடிந்த கோட்டை.

முந்தின மாலை, முன்பக்க ஜன்னலில் பொதட்டூர்பேட்டை லுங்கியைக் காயப்போட்டதற்காக என் மனைவி மாலதி தன் அப்பாவைக் கடிந்துகொண்டாள்.

“ஏன், இந்த ஊர்ல துணிய ஈரமாவே கட்டிகினு சுத்துறானுங்களா?” என்றவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். விடிந்தபோது படுக்கை காலி. போன் மேசைமேல் இருந்தது. தேடிக்கொண்டு கடற்கரைக்கு ஓடிவந்தோம்; அதற்குள் ஷூவைப் பார்த்த யாரோ போலீசுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“சமீபத்தில் எதற்காவது வருத்தப்பட்டாரா?” என்று காவலர் கேட்டார்.

“ஒரு துணி விஷயமாக” என்றேன். அதற்குமேல் விளக்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை. அரக்கோணத்தில் நிருபராக இருந்தபோது ஏரிக்கரைச் செருப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். அந்தச் செய்திகள் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். மாலதி நைட்டிமேல் கோட்டு போட்டுக்கொண்டு, கடலையே பார்த்து நின்றாள்.

“இன்னா மாப்ள, இங்க கும்பலா கீது?”

குரல் பின்னாலிருந்து வந்தது. சாலையைக் கடந்து வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார் மாமா.

“மேல சாமியே இல்ல மாப்ள. வெறும் இடிஞ்ச செவுரு. அதுக்கும் கேட்ட பூட்டி வெச்சிகீறான்.”

திருத்தணியில் மலையேறுகிறவர்கள் அடிவாரப் பூக்கடையில் செருப்பை விட்டுப் போவார்கள். இங்கே பூக்கடை இல்லை. மூடிக் கிடந்த மீன்கடைக்கு எதிரே விட்டிருக்கிறார்.

பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு பவுண்டு நாணயத்தை எடுத்துக் காவலரிடம் நீட்டினார். “பத்திரமா பாத்துகினியேம்மா, வெச்சுக்க.”

“நைனா, அவங்க போலீசு!” என்றாள் மாலதி.

“செருப்பு பாத்துக்கக்கூட போலீசு போட்டுகீறானா? பரவால்லியே.”

மாலதி அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகம் புதைத்து அழுதாள். “இன்னாடி இது, ரோட்டுல” என்றார் அவர்.

காவலர் வயர்லெஸில் படகைத் திரும்பச் சொல்லிவிட்டு, நாணயத்தை வாங்காமல் படிவத்தை எடுத்தார். வீட்டு முகவரி கேட்டார். மாமா திருத்தணித் தெருவின் பெயரைச் சொன்னார். மாலதி எங்கள் கதவு எண்ணைச் சொன்னாள். காவலர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.