பூங்காத் தண்ணீர் போன வழி

எங்கள் ஊரில் ஒருவரைக் குடிகாரன் என்று சொல்லலாம், ஊதாரி என்று சொல்லலாம். இரண்டு நாளில் மறந்துவிட்டு ஒரே கடையில் டீ குடிப்பார்கள். தண்ணீர் திருடி என்று மட்டும் யாரையும் சொல்லிவிடக் கூடாது. எங்கள் ஊர் கேரள எல்லைக்குள் இருக்கிறது; பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் கிழக்கே போகப் போக மழை குறைந்துகொண்டே வரும். அணையில் திறந்துவிடும் தண்ணீர் கால்வாயில் முறை வைத்துத்தான் வயலுக்கு வருகிறது. அடுத்தவர் முறையில் பத்து நிமிடம் மடையைத் திறந்து வைத்தவனை, அவன் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அந்தப் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள்.

நான் நகரசபைப் பூங்காவைப் பார்த்துக்கொள்கிறவள். காலை ஐந்தரைக்குக் கேட்டைத் திறந்து, கூட்டி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, நடக்க வருகிறவர்களின் செருப்புச் சண்டை வரைக்கும் தீர்த்து வைப்பது என் வேலை. பூங்காவோடு சமுதாயக் கூடமும், பழைய குப்பை வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் பின்பக்கத்து வளாகமும் என் பொறுப்பு. மூன்றின் சாவிக்கொத்தும் என் இடுப்பில் இருக்கும். ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் மலையாளத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது நாலு மேசை ஏறி இறங்கி வருவதற்குள் ஊஞ்சலாடிய குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிடும். அதனால் நானே கம்பி வாங்கி முறுக்கிவிடுவேன். சுவருக்குச் சாயம் பூசுவதும் நான்தான். சின்ன ஊரில் நிர்வாகம் என்பது பாதி கோப்பிலும் மீதி என்னைப் போன்றவர்களின் கையிலும் நடக்கிறது. இதைச் சொன்னால் அலுவலகத்தில் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த வருடம் மாசி மாதம் பூங்காவின் தண்ணீர் பில் மூன்று மடங்காக வந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த அடுத்த பில் அதற்கும் மேலே போயிருந்தது. சமுதாயக் கூடத்தில் நடந்த கவுன்சில் கூட்டத்தில் எங்கள் வார்டு கவுன்சிலர் எழுந்து நின்றார். அவருக்கும் எங்கள் கால்வாயின் கடைக்கோடியில்தான் வயல். என் அண்ணன் வயலுக்கு நாலு வரப்பு தள்ளி.

“பூங்காவுல புல்லு பூரா காஞ்சு கெடக்குதுங்க. அப்பொ தண்ணி எங்கீங்க போச்சு? சாவி யாரு கையில இருக்குதோ அவிங்களத்தான் கேக்கோணும். காசுக்கு வித்துப்போட்டாங்களோ என்னமோ” என்றார்.

கூடத்துக்கு வெளியே பக்கெட்டோடு நின்றிருந்த என் காதில் இது விழுந்தது. உள்ளே போய்க் கத்தலாம் என்று கால் துடித்தது. அதற்குள் தீர்மானத்தை வாசித்துவிட்டார்கள். மாதக் கடைசியோடு பூங்காவின் தண்ணீர் இணைப்பைத் துண்டித்து, கேட்டைப் பூட்டி, சந்தைக்கு வருகிற வண்டிகளை நிறுத்த அந்த இடத்தை விட்டுவிடுவதாம். என்னை வேலையிலிருந்து நிறுத்துவதைப் பற்றி விசாரணைக்குப் பிறகு முடிவெடுப்பார்களாம்.

வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். என் அண்ணனுக்கு வந்ததுதான் தாங்கவில்லை. கால்வாயின் கடைக்கோடி விவசாயிகளுக்கு முறைக்காரராகப் பல வருடமாக இருந்தவர் அவர். யாருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று நோட்டில் எழுதி, வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர். கழற்றி எடுத்து வைத்துக்கொள்கிற அந்த ஷட்டர் கைப்பிடி யாரிடம் இருக்கிறதோ அவரை எல்லோரும் நம்புகிறார்கள் என்று அர்த்தம். கவுன்சில் கூட்டம் முடிந்த மறுநாளே, தங்கச்சி தண்ணீர் விற்கிறாள், அண்ணன் கையில் எப்படி ஷட்டரைக் கொடுப்பது என்று பேச்சு வந்துவிட்டது. யாரும் கேட்பதற்கு முன் அண்ணனே கைப்பிடியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

“நான் திருடலீன்னு நீங்க சொல்லியிருக்கலாமுல்லீங்ண்ணா?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியும் அம்மிணி. அவிங்ககிட்டச் சொன்னா, கூடப் பொறந்தவன் அப்பிடித்தான் சொல்லுவான்னுவாங்க. காட்டறதுக்கு என்ன இருக்குது எங்கிட்ட?” என்றார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கவுன்சிலர் மேல்கூட வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். காட்டுவதற்கு ஏதாவது கண்டுபிடிக்காமல் அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

நகரசபையின் உதவிப் பொறியாளர் கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த இளம் பெண். வெயிலில் நிற்கத் தயங்காதவர். அவர் வந்து பூங்காவின் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லி மீட்டரைப் பார்த்தார். மீட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. யாரோ திருட்டு இணைப்பு எடுத்திருக்கிறார்கள் என்று குழாய் போகிற வழி முழுக்கத் தோண்டினார்கள். நடக்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பரவாயில்லை. கிடைக்காமல் போனதால், தோண்டுவதற்கு முன்பே நான் அடைத்துவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். தினமும் என்னிடம் வணக்கம் சொல்கிறவர்கள் அப்புறம் ஊஞ்சல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருந்தபோது என் பங்கு வயலுக்குப் போனேன். அப்பா விட்டுப் போன அரை ஏக்கர், அண்ணன் வயலை ஒட்டினது. அங்கே அண்ணன் வரப்பில் குந்தியிருந்தார். பாய்ச்சிய தண்ணீர் நிற்காமல் எங்கோ வடிந்துகொண்டிருந்தது. நண்டு வளை இருந்தால் அப்படித்தான் வடியும். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. சாணியைக் கரைத்துத் தண்ணீரில் மெதுவாக விடுவோம். வளை எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கமாகக் கலங்கல் கோடு போட்டுக்கொண்டு போகும். அண்ணன் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பூங்காவின் அல்லிக்குளம் நினைவுக்கு வந்தது. ஓடு பதித்த சின்னக் குளம். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கிக் குழாய் தானாகத் திறக்கும், நிறைந்தால் மூடிக்கொள்ளும்; அதனால் குழாய்களையெல்லாம் மூடிய அன்று இதை யாரும் நினைக்கவில்லை. மாசிக் காற்றில் ஊரே காய்ந்தபோதும் அந்தக் குளம் ஒரு விரற்கடை குறையவில்லை. நாங்கள் தண்ணீருக்கு ஏங்கியே வளர்ந்தவர்கள். தளும்பி நிற்கிற குளத்தைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு குளிர்ந்துவிடும், சந்தேகம் வராது. கவுன்சிலர்கூடக் கூட்டத்துக்கு முந்தின நாள் குளத்தங்கரையில் நின்றுகொண்டுதான் எல்லோருக்கும் காய்ந்த புல்லைக் காட்டினார். அது எப்போதும் நிறைந்தே இருப்பதில் நானும் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல!

அன்று சாயங்காலம் பூங்காவை மூடும்போது மிதவையைத் தூக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு, தண்ணீர் நின்ற மட்டத்தில் ஓட்டின் மேல் கரிக்கோடு போட்டேன். காலையில் வந்து பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருந்தது. குளத்து நீரை அலைக்கிற காற்று எழுவதற்கு முன் வரச் சொல்லிப் பொறியாளருக்குப் போன் செய்தேன். அவர் வந்து சேர்ந்தபோது நான் முழங்கால் அளவுத் தண்ணீரில் சாணிக் கரைசல் பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

“சேச்சி, இதெந்தா செய்யுன்னது? நகரசபைக் குளத்திலா சாணகம்?” என்று, நான் என்ன செய்கிறேன் என்று புரியாமல் மலையாளத்தில் அலறினார்.

“சத்தம் போடாமப் பாருங்க மேடம்” என்றேன்.

கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். முதலில் கலங்கல் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல நீண்டு, அல்லி இலைகளுக்கு அடியில் நுழைந்து, கிழக்கு மூலைக்கு ஒரு கோடாகப் போனது. பொறியாளர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானும் தண்ணீரில் இறங்கினார். மூலையில் உடைந்திருந்த ஓட்டை எடுத்துவிட்டுக் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் போனது. உள்ளே கல்லும், களிமண்ணும், மக்கிப்போன வைக்கோலும் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூங்கா வருவதற்கு முன் அந்த இடம் வயல். குளத்தைக் கட்டிய கொத்தனார்கள் எல்லோரும் எங்கள் பக்கத்து விவசாயிகள். பழைய வாய்க்காலின் மடையைக் கான்கிரீட் போட்டு மூட அவர்களுக்குக் கை வரவில்லை. எங்கள் ஆட்கள் மடையை அடைப்பார்களே தவிர ஒழித்துக்கட்ட மாட்டார்கள். நாளைக்குத் திறக்க வேண்டி வந்தால்? வயலில் அடைப்பது மாதிரியே அடைத்து, மேலே அழகாக ஓட்டைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த அடைப்பு இந்த வருடம் மக்கி, மேலே இருந்த ஓடும் உடைந்துவிட்டது.

“இந்த வெள்ளம் எவிடப் போகுது சேச்சி?” என்று பொறியாளர் கேட்டார். அவர் ஊரில் தண்ணீரைத்தான் வெள்ளம் என்பார்கள்.

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பின்பக்கத்து வளாகத்தில் பழைய குப்பை வண்டிகளுக்கு நடுவே, அந்த வேனலிலும் இடுப்பளவு புல் பச்சைப் பசேலென்று நின்றது. சாக்கடைக் கசிவு என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அந்தச் சாவியும் என் கொத்தில்தான் இருந்தது. வாரம் இரண்டு கட்டு அறுத்து என் மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தவளும் நான்தான். ஊரே பார்த்திருக்கிறது. அந்த இடத்தைக் காட்டினால் திருடி என்று முத்திரை குத்திவிடுவார்களே என்று பயந்தேன். சொல்லாமல் மடையை மட்டும் அடைத்துவிட்டால் பில் குறையும், பூங்கா பிழைக்கும். தண்ணீர் எங்கே போனது என்ற கேள்விக்கு மட்டும் சாகும் வரை பதில் இருக்காது. பாதி வழியில் நிற்கிற உண்மை என் அண்ணனுக்கு உதவாது.

“வாங்க, காட்டறேன். ஆனா கவுன்சிலரையும் கூப்பிடுங்க. நடக்க வந்தவிங்க அத்தன பேரும் வரட்டும்” என்றேன்.

சுவருக்குப் பூசி மிஞ்சிய காவிப் பொடியைக் கரைத்து மடையில் ஊற்றலாம் என்பது பொறியாளரின் யோசனை. ஊற்றிவிட்டு எல்லோரும் பின்பக்கம் போய் நின்றோம். கவுன்சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி நேரம் ஆயிற்று. ஒருவர் கிளம்பப் பார்த்தார். நான் கேட்டைப் பூட்டிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் கிளம்பவில்லை. கடைசியில் ஓட்டை வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில், புல்லின் அடியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஊறி வந்தது.

நடக்க வந்தவர்களில் யாரோ கை தட்டினார்கள். நான் தட்ட விடவில்லை. “இருங்க, இன்னும் முடியல. இந்தப் புல்லை அறுத்துட்டுப் போனது நானுங்க. இது பூங்காத் தண்ணியில மொளச்சதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேன்” என்று சத்தமாகவே சொன்னேன்.

கவுன்சிலர் விடுவாரா? “அப்பொ பூங்காத் தண்ணிய உங்க மாடுதான் குடிச்சுதுங்களா?” என்றார்.

“ஆமாங்க. மாட்டுக்கு நோட்டீஸ் அனுப்புங்க. கையெழுத்துப் போட நான் கூட்டியாறேன்.”

சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. கவுன்சிலரும் சிரித்துவிட்டார், அதற்குப் பிறகு மனிதர் என்ன செய்ய முடியும்? பொறியாளர் அங்கேயே நின்று அறிக்கை எழுதினார். அதில் புல்லைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொன்னேன், எழுதினார். அந்த வாரமே மடைக்குக் கான்கிரீட் போட்டார்கள். மீட்டர் நின்றது. பூங்காவை மூடும் தீர்மானத்தையும் என் மேலிருந்த விசாரணையையும் அடுத்த கூட்டத்தில் ரத்து செய்தார்கள். இந்த முறை நான் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, கூடத்துக்குள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

அன்று நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். எல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. காலையிலேயே விவசாயிகள் வந்து ஷட்டர் கைப்பிடியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது மேசை மேல் கிடந்தது.

“எனக்குன்னா வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன்” என்றார் அண்ணன்.

“ஏனுங்ண்ணா?”

“எனக்கு முறை எழுதத்தான் தெரியும். தண்ணி எங்க போவுதுன்னு பாத்தவ நீ. உனக்குப் பாதகமான எடத்துலயும் நின்னு சொன்னவ. அரை ஏக்கரானாலும் நீயும் இந்தக் கால்வாய்க்காரிதான். எங்கிட்டக் குடுக்கறதுன்னா என்ற தங்கச்சிகிட்டக் குடுங்கன்னு சொன்னேன். ஒருத்தரும் வேண்டாங்கல.” அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கால்வாயின் மேல் நின்று ஷட்டரை ஏற்றினேன். எங்கள் கடைக்கோடியில் ஒரு பெண் ஏற்றியது அதுதான் முதல் தடவை. நோட்டின்படி முதல் முறை கவுன்சிலருடையது. அவர் தன் வரப்பில் மண்வெட்டியோடு நின்று, அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு உரிய நேரத்தில் ஒரு நிமிடம் குறைக்கவில்லை, ஒரு நிமிடம் கூட்டவும் இல்லை. நேரம் முடிந்ததும், நான் குரல் கொடுப்பதற்கு முன்பே, அவராகவே குனிந்து தன் மடையை அடைத்தார்.