கோழி மருந்துக்கு நடுவே என் மருந்து

1995-ம் வருடம், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, என் இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனக்க ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். சோமனூருக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தறிக்குடோன் இருந்தது. அதற்குள் நடமாடவே மூச்சு வாங்கியது. சளி பிடித்தால் விடவே இல்லை. கோயமுத்தூரில் எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

அதைக் கேட்ட பிறகு எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. டாக்டரம்மாவின் உதடு அசைந்தது. ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் சத்தமில்லாமல் போயின. என் மனைவி எஸ்தர் என் கையைப் பிடித்திருந்தாள். அது யாருடைய கையோ போல இருந்தது.

டாக்டரம்மா பொறுமையாக மறுபடியும் சொன்னார். "மைக்ராஸ்கோப்புல பார்த்தா இந்தச் செல்லு மேல பஞ்சுப் பிசிறு மாதிரி முடி நீட்டிட்டு இருக்குதுங்க. இதுக்கு இன்டர்ஃபெரான்னு ஒரு ஊசி இருக்குது. கிருமி வந்தா நம்ம உடம்புல ஒரு செல்லு இன்னொரு செல்லுக்கு அனுப்பற சேதிதான் அது. அதையே மருந்தாப் பண்ணியிருக்காங்க."

"அந்தச் சேதி இவருக்குக் கேக்குங்களா?" என்றாள் எஸ்தர்.

"செல்லு மேல ரிசப்டர்னு ஒண்ணு இருக்குதுங்க, காது மாதிரி. அதுல போய் ஒட்டினாத்தான் சேதி உள்ள போகும். நெறையப் பேருக்கு நல்லாக் கேக்குது. சில பேருக்குக் கேக்கறதில்லீங்க. போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எஸ்தர் கண்ணை மூடி மெதுவாக ஜெபித்தாள். "ஆண்டவரே, இவர் ரத்தத்துக்குள்ள இருக்கற அந்தக் காதைத் தொறந்து விடுங்க." என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. சின்ன வயதிலிருந்து ஜெபித்து வளர்ந்தவன் நான். அன்று என் வாய் அடைத்துப்போனது.

மருந்து மெட்ராஸிலிருந்து வரவேண்டும். வந்தால் குளிரில் வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தி அக்கா, நாங்கள் கேட்பதற்கு முன்பே தன் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தார். மாரியம்மனுக்கு வாங்கிய பூவுக்கும் பால் சட்டிக்கும் பின்னால் என் மருந்துப் புட்டிகள் இருந்தன.

ஊசி போட்ட சாயங்காலங்களில் உடம்பு நடுங்கும். பிறகு காய்ச்சல் ஏறும். எஸ்தரின் ஊர் உடுமலைப்பேட்டை. காய்ச்சல் மயக்கத்தில் நான் அங்கே போய்விடுவேன். அமராவதித் தண்ணீர் பாயும் தென்னந்தோப்புக்குள் மல்லாந்து மிதந்து போவேன். மரமெல்லாம் வெள்ளையாக இருக்கும். நான் கூப்பிடுவேன். ஒரு கீற்றும் அசையாது. யாரோ நெற்றியில் ஈரத்துணி வைப்பார்கள். எஸ்தரா, தண்ணீரா என்று தெரியாது. விலாவுக்குக் கீழே இருந்த அந்தக் கனமும் குறையவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஐப்பசியில் பெருமழை பிடித்தது. கம்பங்கள் சாய்ந்து ஊரே இருண்டது. மறுநாள் மதியமும் கரண்ட் வரவில்லை. மருந்து கெட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் நிறுத்தக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் பாயில் கிடந்தேன். மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய் தானாகத் திறந்தது. "ஆண்டவரே, அந்த மருந்தைக் காப்பாத்துங்க. என்னை அப்புறம் பார்த்துக்கலாம்." அவ்வளவுதான் வந்தது. அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்தபோது பாப்பாத்தி அக்கா வாசலில் நின்றிருந்தார். சேலை முழுக்க நனைந்திருந்தது.

"ஏனுங் தம்பி, கோழிக்குப் போடற ஊசி மருந்தும் குளுகுளுன்னுதானே இருக்கோணும்? என்ற கூடப்பொறந்த தம்பி பல்லடத்துல கோழிப்பண்ணை வெச்சிருக்கறானுங்க. அங்க ஜெனரேட்டர் ஓடுது. மருந்தை எடுத்து ஃப்ளாஸ்குல போட்டு, ஐஸ் வெச்சுப்போட்டேன்."

"இந்த மழையிலயாக்கா?" என்றாள் எஸ்தர்.

"மழை அது பாட்டுக்குப் பெய்யட்டும் அம்மணி. நான் போயிட்டு வாரேன்."

மொபெட் சத்தம் மழைக்குள் கரைந்து போவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். கரண்ட் வரும்வரை என் மருந்து கோழித் தடுப்பூசிகளோடு அந்தப் பண்ணையில் இருந்தது. ஊசி நாளில் அக்காவின் தம்பி ஃப்ளாஸ்கில் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டரம்மாவிடம் கேட்டோம். குளிர் விடாமல் இருந்ததால் போடலாம் என்றார்.

அந்த வாரக் காய்ச்சலில் மறுபடியும் தோப்புக்குள் போனேன். அன்று காற்று வந்தது. கீற்றெல்லாம் ஒன்றாகச் சலசலத்தன. விழித்தபோது அமைதியாக இருந்தேன். பிழைப்பேன் என்ற அமைதி அல்ல அது. தனியாக இல்லை என்ற அமைதி.

பங்குனியில் டாக்டரம்மா என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இன்னொரு தரமும் அழுத்தினார். "கைக்குத் தட்டுப்படலீங்க" என்றார். ரத்தமும் தேறியிருந்தது. "மருந்து கேட்டுருச்சுங்க."

எஸ்தர் அங்கேயே, ஆஸ்பத்திரித் தரையில் முழங்கால் போட்டுவிட்டாள். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். பஸ்ஸில் சொல்லாமல் விட்ட ஆமெனை அன்று சொன்னேன்.

அதே ஊசி போட்டும் கேட்காமல் போனவர்களை நான் அறிவேன். அவர்களும் ஜெபித்தார்கள். எனக்கு மட்டும் ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசவும் மாட்டேன். தேவன் எனக்கு இரங்கினார், ஒரு மனுஷியின் மனதைத் தொட்டு எழுப்பினார் என்பதை மட்டும் அறிவேன். அதற்கு என் ஆயுசு முழுக்க ஸ்தோத்திரம்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை அதே ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டுக்குப் போகிறேன். புதிதாக நோய் கண்டவர்களுக்கு டாக்டர் சொன்னது முதலில் காதில் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்குப் புரியும்வரை திருப்பிச் சொல்வேன். விரும்பினால் ஜெபிப்பேன். இல்லையென்றால் சும்மா இருப்பேன்.

இந்த ஆராதனை முடிந்ததும் அங்கேதான் போகிறேன். நேற்று ஒருவர் சேர்ந்திருக்கிறார், யாரோடும் பேசுவதில்லையாம். உங்களில் யாருக்காவது வாய் அடைத்துப்போயிருந்தால் என்னோடு பஸ் ஏறுங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. நாம் இரண்டு பேரும் அந்த நோயாளியின் பக்கத்தில் போய் உட்காரலாம். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.