மீஞ்சூர் ரயிலில் ஒரு யானை

புதிதாக வந்த ஒரு சின்ன கணினி விளையாட்டுக்கு விமர்சனம் எழுத ஆடிக்கொண்டிருந்தேன். தூங்குகிற ஒருவனின் கனவுக்குள் புகுந்து அவனை வழிநடத்த வேண்டும். அவன் விழித்தால் ஆட்டம் முடிந்தது. அவன் குறட்டையைக் கேட்டதும் எனக்குக் கும்மிடிப்பூண்டி வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரும்பு ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து, பகலில் கிரீஸ் வாடையோடு ஃபேனுக்கு அடியில் படுத்திருப்பார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் அக்காவும் நானும் அவர் காதருகே குனிவோம்.

"இப்ப எங்க கீற நைனா?"

"மீஞ்சூர் ஸ்டேஷன்ல." கண் திறக்காமலே பதில் வரும்.

"கூட யாரு?"

"யானை."

"அத்த ரயில்ல ஏத்து," என்பாள் அக்கா.

"தும்பிக்கை இடிக்குது."

"மடிச்சி வெச்சிக்கச் சொல்லு."

சிரித்தால் விழித்துவிடுவார் என்று ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொள்வோம்.

விளையாட்டுக்குப் பத்துக்கு ஏழு போட்டேன். அதில் தூங்குகிறவன் பதில் பேசவில்லை. பிறகு நைனாவுக்கு போன் போட்டேன்.

"தூக்கத்துல யானைய ரயில் ஏத்தினியே, ஞாபகம் கீதா நைனா?"

"யானை ஞாபகம் கீது," என்றார். "நீங்க ரெண்டு பேரும் என்னிய எங்க தூங்க உட்டீங்க?"