ஜன்னலைப் பார்க்கிறவர்கள்

என் அக்கா வீட்டுக்காரர் பேருந்தில் டிக்கெட் பரிசோதிக்கிறவர். கண்டக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் கழுகு. நான் முறைப்படி அத்தான் என்கிறேன். ஒருமுறை அவர் வீட்டுக்கே விருந்துக்குப் போய்க்கொண்டிருந்த என்னை, கையில் பழப்பையோடு, டிக்கெட் இல்லையென்று பிடித்து அபராதம் போட்டார். கூட்டத்தில் கண்டக்டர் என் பக்கமே வரவில்லை, நம்புங்கள். அன்று அதே கையால் எனக்குப் பரிமாறி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க மச்சான்" என்றார். அந்தச் சாப்பாடு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

பேருந்தில் ஏறியதும் ஓட்டுநரின் தலைக்கு மேலிருக்கும் பெரிய கண்ணாடியில்தான் அவர் கண் போகும். செக்கரைக் கண்டதும் டிக்கெட் வைத்திருப்பவன் சட்டைப்பையைத் தடவுவான். இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். இதுதான் அத்தானின் வேதம். "ஜன்னலைப் பாக்கறவன முதல்ல பிடி, மத்தவங்களை அப்புறம் பாத்துக்கலாம்" என்று புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பாடம் எடுப்பார்.

அந்தக் கண்ணை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வந்தால் பரவாயில்லை. வீட்டுக்குள்ளும் கொண்டுவருவார். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர். அக்கா நிறையப் பேசினால் எதையோ மறைக்கிறாள், பேசாமல் இருந்தால் பெரிதாக மறைக்கிறாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

அவர்களுக்கு ஒரே மகள், பத்தாம் வகுப்பு. ஃபிரிட்ஜ் கதவில் அத்தான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை ஒட்டியிருக்கும். எழுவது, படிப்பது, பள்ளி, டியூஷன், போன் பார்ப்பது, தூங்குவது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அவள் நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண்ணாக்கி வைத்திருந்த காலத்தில், பிள்ளைகளுக்குப் படிப்பைத் தவிர வேறு நேரமும் வேண்டும் என்று செய்தித்தாளில் யாரோ எழுதியிருந்ததை அத்தான் படித்தார். உடனே பள்ளிக்கும் டியூஷனுக்கும் நடுவே ஒரு கட்டம் போட்டு "பொழுதுபோக்கு" என்று எழுதினார். கீழேயே "கீபோர்டு வகுப்பு" என்றும் எழுதினார். பொழுதைக் கொடுத்தவர் அதைப் போக்கும் வழியையும் அவரே முடிவு செய்துவிட்டார்.

கொஞ்ச நாளில் பெண் மாறினாள். நகம் வளர்ந்தது. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கினாள். துணி மடிக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடியது. அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அத்தானுக்குச் சந்தேகம் பிடித்தது.

"காரணமே இல்லாம ஒருத்தி இவ்வளவு சந்தோஷமா இருப்பாளா?" என்று அக்காவைக் கேட்டார்.

"கீபோர்டு கத்துக்கறா. பாடறா. இதுல என்னங்க தப்பு?"

"தப்புன்னு நான் சொன்னேனா? காரணம் என்னன்னுதான் கேக்கறேன்."

மகள் குளிக்கப் போன நேரம் அவள் போனை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பையைக் கொட்டிப் பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை. எதுவுமே கிடைக்காததால் சந்தேகம் இன்னும் கெட்டியானது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அக்கா முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை.

பிறகு ஒரு நாள் பேருந்தில் டிக்கெட் பார்த்துக்கொண்டு வந்தபோது கீபோர்டு டீச்சரே அகப்பட்டார். டிக்கெட்டை நீட்டிக்கொண்டே, "பொண்ணு ஏன் சார் நின்னுட்டா? நல்ல விரல் அவளுக்கு" என்றார். அரையாண்டுக் கட்டணத்தை முன்பே கட்டியிருந்ததால் இதுவரை யாரும் யாரையும் கேட்கவில்லை. அத்தான் அந்த டிக்கெட்டைத் திருப்பித் தரக்கூட மறந்து இறங்கிவிட்டார்.

தினமும் அந்தக் கட்டத்தில் எங்கே போகிறாள்? யாரோடு? வீட்டில் அவர் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வார்கள் என்பது தொழில் ரகசியம். மறுநாள் லீவு போட்டார். என் சைக்கிள் கடைக்கு வந்து என் தொப்பியை இரவல் வாங்கினார். எதற்கென்று சொல்லவில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்ததால் நானும் கேட்கவில்லை.

பள்ளி விட்டது. அவள் வழக்கமாக வீட்டுக்கு வரும் பேருந்தில்தான் ஏறினாள். கடைசி இருக்கையில், ஜன்னலோரம். அத்தான் முன்பக்கமாக ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் மகளைப் பார்த்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

வீட்டு நிறுத்தம் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவளுடைய மாணவர் பாஸ் அதற்கு மேல் செல்லாது. அத்தான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் படிக்கட்டையே பார்த்தார். ஒரு வாலிபன் ஏறினான், இவன்தான் என்று நினைத்தார். அவன் தன் அம்மாவைக் கைபிடித்து ஏற்றினான். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், இவனேதான். அவன் கொட்டாவி விட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனான். அவள் போனைக்கூட எடுக்கவில்லை. வெளியே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு செக்கர் ஏறினான். அத்தானிடம் வேலை கற்ற பையன், அவர் வீட்டுக்கு ஒருநாளும் வராததால் மகளைத் தெரியாது. ஏறியவன் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகக் கடைசி இருக்கைக்கு நடந்தான். வேதம் படித்த பிள்ளை அல்லவா.

மைத்துனனையே விடாத மனுஷன் அந்த இடத்தில் எழுந்து நின்றார். பையன் திரும்பிப் பார்த்தான், தொப்பிக்குக் கீழே யாரென்று தெரிந்துகொண்டான். அத்தான் அவளைக் கண்ணால் காட்டி, வேண்டாமென்று தலையை ஆட்டினார். பையன் ஒரு கணம் விழித்துவிட்டு, பாதியிலேயே திரும்பி இறங்கிப் போனான். அத்தான் உட்கார்ந்தார். பேருந்து வட்டம் அடித்துத் திரும்பியது. வீட்டு நிறுத்தத்தில் அவள் இறங்கினாள். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தார்.

அவர் செருப்பைக் கழற்றும் முன்பே அவள் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"மாமா தொப்பியைத் திருப்பிக் குடுத்துடுங்கப்பா."

அவர் கை தானாகத் தலைக்குப் போனது.

"ஏறும்போதே பாத்துட்டேன். நீங்க பாத்த அதே கண்ணாடிலதான் நானும் பாத்தேன்."

இத்தனை வருடம் அந்தக் கண்ணாடியை வைத்துப் பிழைத்தவருக்கு, பின்னாலிருந்து பார்த்தால் தன் முகமும் அதில் தெரியும் என்பது தோன்றவே இல்லை.

"தினமும் அங்க என்னதாம்மா பண்றே?" என்றார். அதட்டலாகக் கேட்க நினைத்தது கெஞ்சலாக வந்தது.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். கண்ணை மூடிட்டு உக்காந்திருப்பேன். என்ன பண்றேன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னிக்கு மூடல. மூடியிருந்தா அதுக்கும் நீங்க ஏதாவது நெனச்சுப்பீங்க. வழி முழுக்க உங்களுக்காகத்தான் கண்ணைத் தொறந்து வச்சிருந்தேன்."

அத்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த அண்ணனைப் போகச் சொன்னீங்கல்ல, அதுக்குத் தேங்க்ஸ்ப்பா. பாஸ் செல்லாதுன்னு எனக்கும் தெரியும், தப்புதான். நாளைலேருந்து கீபோர்டுக்கே போறேன்." கோபமே இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டுக் கட்டைவிரல் நகத்தை வாயில் வைத்தாள்.

அதைப் பார்த்ததும் அவர் விடுவிடுவென்று ஃபிரிட்ஜிடம் போய், அந்தக் கட்டத்தில் இருந்ததை வெள்ளை மை தடவி அழித்தார். பேனாவைத் திறந்து "பஸ்" என்று எழுதப் போனார்.

"எழுதாதீங்கப்பா," என்றாள் அவள். "எழுதினா அதுவும் நீங்க குடுத்ததா ஆயிடும்."

பேனாவை மூடினார். அவர் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் செய்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

கட்டம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. அந்த வழித்தடத்தில் மட்டும் தனக்கு வேலை போட வேண்டாம் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவளை ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆனால் மனுஷன் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் போகிறாளா, கீபோர்டுக்குப் போகிறாளா, வேறெங்கேயாவதா?

போன வாரம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் அவர் வாயால் சொன்னது அன்றுதான். மைத்துனனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயமா என்று எனக்குச் சுருக்கென்றது. சண்டை பிடிக்க வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"பஸ்ஸு உன் கடை முன்னாடிதானே போகுது மச்சான். அவ அதுல போறாளா?"

என் கடையைத் தாண்டித்தான் போகிறது. தினமும் கடைசி ஜன்னலில், கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி போகிறாள். வீட்டைத் தாண்டிப் போய்வருவதற்கான டிக்கெட் காசு என் கல்லாவிலிருந்துதான் போகிறது. யாரிடமும் சொல்வதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"எனக்கெப்படித் தெரியும் அத்தான்?" என்றேன். சொல்லும்போதே என் கண் தெருப்பக்கம் ஓடிவிட்டது.

ஓடிய பிறகுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. யார் முன்னால் உட்கார்ந்து எங்கே பார்க்கிறேன்! மெல்லத் திரும்பினேன். கழுகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அபராதம் போட்ட நாளில் பார்த்த அதே பார்வை.

அப்புறம் ஸ்டூலிலிருந்து எழுந்து, இத்தனை நாள் திருப்பித் தராத என் தொப்பியைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சரி மச்சான்," என்றார். "நான் ஒண்ணும் பாக்கல."